கரியும் வச்சிரமும்

ஐப்பசி மழை விட்ட காலைப்பொழுதில் அமிர்தியின் வனச்சாலையில் நின்று சவ்வாது மலையை நோக்குவோர்க்கு, அருகிலுள்ள மரத்தொகுதி கருமையாகவும், அதன் பின்னுள்ள முகடு சாம்பல் நிறமாகவும், அதற்கும் அப்பாலுள்ளது உண்டோ இல்லையோ என்று ஐயுறத்தக்க வெளிறிய கோடாகவும் தோன்றும். இக்காட்சியை ஒரே மையால் தீட்டிவிடலாமென்று கண்டவர் சீனர். அதை அவர்களிடம் கற்று, முதலில் பௌத்த மடங்களிலும் பின்னர்ப் படிப்பாளிகளின் இல்லங்களிலும் வளர்த்தவர் ஜப்பானியர்.

அவர்களுடைய மை ஒரு கட்டி. எண்ணெய் விளக்கின் சுடர்மேல் மண்மூடியைக் கவிழ்த்துப் படியும் கரியைத் திரட்டுவார்கள். கண்மைக்குக் கரி பிடித்த நம் பாட்டிமார்க்கு இதில் அதிசயம் ஒன்றுமிராது. ஆனால் வெறுங்கரி நீரோடு சேராது. ஆகவே விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையை, அதாவது நம் தச்சர் வச்சிரம் என்று வழங்குவதையே, அதனோடு பிசைவார்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடுஞ் சாலைகளில், சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சீவும்போது விழும் சவ்வும் விளிம்புத் துண்டுகளும் இத்தகைய பசைக்கே உரியவை. பதனிட்டு முடிந்த தோலோ எளிதில் பசையாக இளகுவதில்லை. இப்பசை கரித்துகள்களைப் போர்த்து, அவை திரண்டுவிடாமல் நீரில் தனித்தனியே நிற்கச் செய்து, உலர்ந்தபின் காகிதத்தோடு பிணைத்துவிடுகிறது. வெப்பத்தில் பசை கெடுமாதலால், ஜப்பானின் நாரா நகரத்தார் மைக்கட்டியைக் குளிர்மாதங்களிலேயே செய்வது வழக்கம். ஓவியன் அக்கட்டியைச் சந்தனம் இழைப்பதுபோல் கல்லில் இழைக்கிறான். அதில் எவ்வளவு நீர் சேர்ப்பது என்பதே அவன் வித்தையில் பாதி. இட்ட கோட்டை அழிக்க வழியில்லை. காகிதம் உடனே குடித்துவிடும்.

இவ்வித்தையை நம் தேசத்து மண்ணுக்குப் பழக்கியவர்களுள் என் மனத்துக்கு உகந்தவர், வங்காளத்துச் சாந்திநிகேதனத்தில் ஓவியர் நந்தலால் போஸின் மாணாக்கராயிருந்து, அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்த பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980). பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையில்லை, மற்றதில் கிட்டப்பார்வை. தூரத்து மலை மங்குவது நமக்கு ஒரு பருவத்துக் காட்சி. அவருக்கோ அது நித்திய அனுபவமாயிருந்திருக்கும் என்று எண்ணுவதுண்டு. 1937–38இல் ஜப்பான் சென்று அங்குள்ள சித்திரங்களை நேரில் பயின்று வந்தார். ஆனால் அவர் தீட்டியது ஃபூஜி மலையையன்று. சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த, மழைநீர் அரித்த வீர்பூம் செம்மண் ஓடைகளை, கோவாய் என்று வங்காளிகள் வழங்கும் அந்த வறண்ட நிலத்தை.

1957இல் எஞ்சிய பார்வையும் போயிற்று. அதன்பின் வண்ணக் காகிதங்களை விரலால் தடவி, கத்தரித்து, ஒட்டி, உருவங்கள் செய்துகொண்டிருந்தார். அவருடைய மாணவராயிருந்த சத்யஜித் ரே 1972இல் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தபோதும் அக்கைகள் ஓயவில்லை.