நனைந்த ரிமோட் காரில் முதலில் பழுதாவது எது?

மழை ஓய்ந்ததும் திடலெங்கும் தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் ரிமோட் காரை ஓட்டி, தண்ணீர் தெறிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால், நன்றாக ஓடிய கார் சில நாளில் அசையாமல் நின்றுவிடுகிறது. “மோட்டாருக்குள் தண்ணீர் போய்விட்டது” என்போம். பெரும்பாலும் குற்றவாளி மோட்டார் அல்ல.

மின்சாரத்தைக் கடத்துவது எது?

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகளே மின்னோட்டத்துக்கு வழிவிடுகின்றன. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. அதனால், மிகத் தூய நீரைவிட அது ஏறக்குறைய ஒரு மில்லியன் மடங்கு அதிகமாக மின்சாரத்தைக் கடத்துகிறது. கடற்கரையில் ரிமோட் கார் ஓட்டுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மோட்டார் தாங்கும், மின்சுற்று தாங்காது

பிரஷ் இல்லாத மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருள்மீது மின்காப்புப் பூச்சு உண்டு. எனவே, நனைந்தாலும் அது சுழலும். அதன் எஃகு பேரிங்குகள்தாம் பின்னர் துருப்பிடிக்கும். பிரஷ் உள்ள மோட்டாரும் நீரில் ஓடும். ஆனால், அதன் கரி பிரஷ்கள் விரைவில் தேய்ந்துவிடும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ரிசீவர், முன்சக்கரங்களைத் திருப்பும் சர்வோ ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றின் மின்சுற்றுப் பலகையில் உலோக இணைப்புகள் மிக நெருக்கமாக இருக்கும். அவற்றுக்கிடையே ஒரு துளி உப்புநீர் தங்கினால், வேதியியல் பாடத்தில் படிக்கும் மின்னாற்பகுப்பு அங்கேயே தொடங்கிவிடும். நேர்முனையிலுள்ள செம்பு அயனிகளாகக் கரையும். எதிர்முனையில் செம்பு படிந்து வளரும். இணைப்பு அரிக்கப்படலாம், குறுக்குச் சுற்றும் ஏற்படலாம். நீரைப் பகுக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும். இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர் மின்கலமோ 7.4 வோல்ட் தருகிறது! பழுதான பலகையில் காணும் பச்சை நிறப் படிவு, அரிக்கப்பட்ட செம்பின் அடையாளம்.

முன்கூட்டியே காப்பது எப்படி?

மின்சுற்றுப் பலகைக்கென விற்கப்படும் சிலிகோன் அல்லது அக்ரிலிக் பூச்சை மெல்லியதாகப் பூசலாம். செருகிகளின் உலோக முனைகள், சுவிட்ச் ஆகியவற்றில் பூசக்கூடாது. பூசினால் தொடர்பு துண்டிக்கப்படும். செருகிகளுக்கு மின்கடத்தாக் கிரீஸ் தடவலாம். வாங்கும்போது குறியீட்டையும் கவனியுங்கள். ‘ஐபிஎக்ஸ்7’ என்றால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும் என்று பொருள். ஆனால், அச்சோதனை நன்னீரில் நடத்தப்படுவது; கடல்நீருக்கு அது உத்தரவாதம் அல்ல.

நனைந்துவிட்டதா?

1. உடனே மின்கலத்தைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. மின்கலம் இணைந்திருக்கும்வரை சில இணைப்புகளில் மின்னழுத்தம் இருக்கும்.
2. கடல்நீர் பட்டிருந்தால், மின்கலத்தை அகற்றிய பிறகு நன்னீரால் கழுவுங்கள். கழுவாமல் காயவிட்டால் நீர் போகும், உப்பு தங்கிவிடும்.
3. துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாளாவது உலர்த்துங்கள். அதிகச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் பாகங்கள் வளையலாம்.
4. பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.
5. நன்கு உலர்ந்த பிறகே மின்கலத்தைப் பொருத்துங்கள்.

கார் போனால் வேறு வாங்கலாம். ஆனால், லித்தியம் பாலிமர் மின்கலம் உப்பியிருந்தாலோ அதன் உறை கிழிந்திருந்தாலோ அதை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எளிதில் தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.