காற்றுத் தொங்கலமைப்பில் கசிவு

காற்றுத் தொங்கலமைப்பு (பேச்சு வழக்கில் ஏர் சஸ்பென்சன்) என்பது வில் தகடுகளுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய ரப்பர் பைகளால் ஊர்தியின் எடையைத் தாங்கும் அமைப்பு ஆகும். 2001 இல் இந்தியாவில் அறிமுகமான வால்வோ பி7ஆர் பேருந்துகளில் இது இடம்பெற்றது. பெரிய மோட்டார் இல்லங்களிலும் இது பயன்படுகிறது.

இயங்கும் முறை

எஞ்சினால் இயங்கும் கம்ப்ரசர் காற்றைக் கலன்களில் சேமிக்கிறது. எடை கூடினால் உயரச் சீராக்கு வால்வு பைகளுக்குக் காற்றைச் செலுத்தும். எடை குறைந்தால் வெளியேற்றும்.

கசிவைக் கண்டறிதல்

* நிறுத்திய ஊர்தி சில மணி நேரத்திலேயே ஒருபுறம் சாய்ந்தால், அப்பக்கத்துப் பை, குழாய் இணைப்பு அல்லது வால்வில் கசிவு இருக்கலாம்.
* ஊர்தி சாயாமல் கலனின் அழுத்தம் மட்டும் குறைந்தால், கலன் அல்லது அதன் குழாய்களைச் சோதிக்க வேண்டும்.
* ஐயமுள்ள இடத்தில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழிகள் தோன்றும்.
* வால்வின் இணைப்புத் தண்டு வளைந்திருந்தால், கசிவு இல்லாமலே ஊர்தி சாயக்கூடும்.

பாதுகாப்பு

பை திடீரெனக் காற்றிழந்தால் உடற்கூடு கீழிறங்கி, அடியில் இருப்பவரை நசுக்கிவிடும். எனவே சட்டகத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தாமல் அடியில் செல்லலாகாது.

மலைச்சாலைகளில்

இத்தகைய கனரக ஊர்திகளில் காற்று பிரேக்குகளுக்கும் அதே கம்ப்ரசரே காற்றளிக்கிறது. தொங்கலமைப்பில் கசிவு மிகுந்தால், பாதுகாப்பு வால்வு பிரேக்குகளுக்குரிய காற்றைத் தனியே காக்கும். ஆயினும் திண்டுக்கல்லை அடுத்த சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் அடிக்கடி பிரேக் இடுவதால் காற்று விரைவாகச் செலவாகும். ஆகவே கசிவைச் சமவெளியிலேயே சரிசெய்தல் வேண்டும். அழுத்தக் குறைவு எச்சரிக்கை தோன்றினால், ஊர்தியைப் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும்.