ஊர் பேரு எல்லாருக்கும் சொந்தம்... லோகோ யாருக்குச் சொந்தம்? சின்னக் கடைகளுக்கான டிரேட்மார்க் வழிகாட்டி

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆண்டாள் கோயில் பக்கம் நடந்தால், வழியெல்லாம் பால்கோவா கடைகள். டப்பாக்களில் கோபுரம், ஆண்டாள், பசுமாடு என்று பழகிய படங்கள். ஒருமுறை வாங்கிப்போன வெளியூர்க்காரர் அடுத்த முறை வரும்போது, கடையின் பெயரைச் சொல்லிக் கேட்பது அபூர்வம். “அந்தப் பச்சை டப்பா, மாடு படம் போட்டிருக்கும்ல, அதைக் குடுங்க அண்ணாச்சி” என்பார்.

வம்பு தொடங்குவதும் அங்கேதான். நாலு கடை தள்ளி இன்னொருவர் அதே பச்சையில், அதே மாதிரி மாடு போட்டு ஒரு டப்பா அடித்தால்? “என்ன அண்ணாச்சி, போன தடவ வாங்கினது ஒரே சீனியா இருந்துச்சே” என்ற புகார், அதை விற்காதவர் தலையில் வந்து விழும். பல வருஷம் விறகடுப்பில் நின்று சேர்த்த பெயர், ஒரு பிரின்டிங் ஆர்டரில் போய்விடும்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் என்ன வழி? எவ்வளவு செலவு?

அதான் புவிசார் குறியீடு இருக்கே?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது பாதுகாப்பது ஊரின் பெயரை. வேறு ஊரில் கிண்டிய இனிப்பை ‘ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’ என்று விற்பதைத் தடுக்க அது உதவும். அந்தப் பகுதியில் முறைப்படி தயாரிக்கும் எவரும், புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ ஆகப் பதிந்துகொள்ளலாம்.

ஆனால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு கடைகளுக்கு நடுவே வரும் சண்டையைப் புவிசார் குறியீடு தீர்க்காது. ஊர் பேரு இருவருக்கும் பொது. அங்கே ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் சொந்தப் பெயரும் லோகோவும்தான். அதற்கான சட்டம், 1999-ம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம்.

கோபுரமும் பசுவும் யாருக்குச் சொந்தம்?

பல சின்னத் தொழில்கள் சறுக்கும் இடம் இது. ஊரின் பெயர், பொருளின் பெயர், ‘ஸ்பெஷல்’, ‘ஒரிஜினல்’ போன்ற சொற்களுக்கு மட்டும் தனியுரிமை கேட்டால் பதிவகம் பொதுவாக மறுத்துவிடும். எல்லோரும் பயன்படுத்த வேண்டிய சொற்களை ஒருவரிடம் பூட்டிக் கொடுக்க முடியாது.

தெய்வ, புராணப் பெயர்களிலும் சிக்கல் உண்டு. ‘ராமாயண்’ என்ற பெயரை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை மட்டும் ஒருவர் வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோபுரப் படத்திலும் கவனம் தேவை. தமிழ்நாடு அரசு முத்திரையில் கோபுரம் இருக்கிறது. அந்த முத்திரையை ஒத்த லோகோவை வணிகத்துக்குப் பயன்படுத்துவதை 1950-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது.

பக்கத்து ஊரான ராஜபாளையத்திலும் இதே கதைதான். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வந்தது. அவ்வளவு பிரபலமான உருவத்தை லோகோவாகப் போட்டால் ‘நம்ம ஊரு’ என்ற பெருமை கிடைக்கும். ஆனால் நாளை இன்னொருவர் வேறு விதமாக ஒரு நாய் வரைந்தால், “நாயே என்னுடையது” என்று வாதாடுவது கஷ்டம். ராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்பவர்களின் சரக்கை வாங்குகிறவர்கள் பலர் வெளியூர்க்காரர்கள். நெய்தவர் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை, பெட்டியில் இருக்கும் குறியைத்தான் பார்க்கிறார்கள்.

ஆக, லோகோவைக் காப்பாற்றும் வேலை அதை வரையும்போதே தொடங்குகிறது. பொருளோடு சம்பந்தமில்லாத ஒரு சொல், புதிதாக உருவாக்கிய பெயர், வேறெங்கும் இல்லாத ஒரு வடிவம்... இவைதான் கோர்ட்டில் வலுவாக நிற்கும்.

‘கொஞ்சம் மாத்திட்டேனே’ என்றால் தப்பிக்கலாமா?

1972-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிஸ்கட் வழக்கு ஒன்று பால்கோவா டப்பாவுக்கு அப்படியே பொருந்தும். பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பெண் வாளியோடு நிற்பாள், சுற்றிலும் பசுக்களும் கோழிகளும். மைசூரு நிறுவனம் ஒன்றின் உறையிலும் ஒரு பெண், பசுக்கள், கோழிகள். ஆனால் அவள் தலையில் புல்கட்டு, கையில் அரிவாள். வித்தியாசம் இருக்கிறதே என்று கீழ் நீதிமன்றமும் மைசூர் உயர் நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது.

இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எண்ணக் கூடாது. முதல் உறையைப் பார்த்துப் பழகிய ஒருவருக்கு இன்னொன்றை நீட்டினால் ஏமாறுவாரா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம். கடைக்கு வருபவர் ஞாபகத்தில் இருப்பது மொத்தத் தோற்றம். அதனால் மாட்டின் கொம்பை மட்டும் மாற்றி வரைந்தவர் தப்ப முடியாது.

பதிவு செய்ய என்ன செலவு?

முதலில் மத்திய அரசின் ஐபி இந்தியா இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களையும் தேட வேண்டும். பிறகு டிஎம்-ஏ படிவத்தை ஆன்லைனில் நிரப்பலாம். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

கட்டணம்: தனிநபர், சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப் என்றால் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் சான்றிதழ் போதும். வக்கீல் அல்லது ஏஜென்ட் கட்டணம் தனி.

வகுப்பு: பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பால் பொருட்கள் 29, இனிப்பு வகைகள் 30, மருத்துவப் பேண்டேஜ் 5, துணி 24, ஓட்டல் 43. தப்பான வகுப்பில் போட்டால் தேவையான பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

பெயரையும் படத்தையும் தனித்தனியாகப் பதிவது நல்லது. லோகோவைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்தால், எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு நீளும்.

விண்ணப்பித்தவுடனே பெயருக்குப் பக்கத்தில் ‘டிஎம்’ போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது சான்றிதழ் வந்த பிறகுதான். முன்கூட்டியே போடுவது சட்டப்படி தவறு. பதிவகம் பரிசோதித்து, அதன் இதழில் வெளியிட்ட பிறகு, மற்றவர்கள் ஆட்சேபிக்க 4 மாதம் அவகாசம். பதிவு 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

லோகோ வரைந்த டிசைனரிடம் உரிமையை எழுத்தில் வாங்கிவைப்பதும் முக்கியம். காசு கொடுத்ததாலேயே அதன் காப்புரிமை தானாகக் கடைக்காரருக்கு வந்துவிடாது.

இதுவரை பதிவே பண்ணலையே?

அவர்களுக்கு நம்பிக்கை தருவது திருநெல்வேலியின் இருட்டுக்கடை அல்வா வழக்கு. முன்னே ‘திருநெல்வேலி’ சேர்த்து அதே பெயரில் இன்னொருவர் அல்வா விற்றார். அவரிடம் பதிவுச் சான்றிதழும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதலிலிருந்து அந்தப் பெயரில் விற்று வந்தவரின் உரிமை, பின்னால் வந்தவரின் சான்றிதழைவிட மேலானது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது.

ஆனால் ‘முதல்ல நான்தான்’ என்பதை நிரூபிக்க வேண்டும். பழைய பில் புத்தகம், டப்பா அச்சடித்த பிரஸ்ஸின் ரசீது, உணவுப் பாதுகாப்பு உரிமம், விளம்பரம், தேதியோடு கூடிய போட்டோ எல்லாம் ஆதாரம். பழைய பில்லை எடைக்குப் போடுகிறவர், தன் கேஸையும் சேர்த்தே எடைக்குப் போடுகிறார்.

காப்பி அடிச்சுட்டாங்க... இப்ப என்ன?

முதலில் ஆதாரம். அந்த டப்பாவை பில்லோடு வாங்கி வைக்க வேண்டும். வாடிக்கையாளர் குழம்பி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜைக்கூட அழிக்கக் கூடாது. அடுத்து வக்கீல் நோட்டீஸ். பல சச்சரவுகள் இங்கேயே முடிந்துவிடும். ஆன்லைனில் விற்றால், அந்தந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கலாம்; பதிவு எண் கேட்பார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. பதிவான சின்னம் என்றால், கடைக்காரர் தொழில் நடத்தும் ஊருக்கான மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடச் சட்டம் வழி தருகிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். பதிவில்லாதவருக்கு இந்தச் சலுகை கிடையாது. காப்பி அடித்தவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டி வரலாம். போலிச் சின்னத்துக்குக் குற்றவியல் தண்டனையும் உண்டு: 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

ரூ.4,500 சின்னக் கடைக்குச் சின்னத் தொகை இல்லைதான். ஆனால் அதே கடைக்காரர் ஒரு தடவை டப்பா அச்சடிக்க அதைவிட அதிகம் செலவழிக்கக்கூடும். அடுத்த டப்பா ஆர்டர் கொடுக்கும் முன், அதில் இருக்கும் படம் தன்னுடையதுதானா என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.