வெட்கம் வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள்!

ஆபரேஷன் முடிந்து இருபது நாள் ஆகிறது. கணவர் கட்டிலில் படுத்திருக்கிறார். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள்.

"என்னங்க, காய்ச்சல் இப்படி அடிக்குதே! டாக்டரிடம் போவோமா?"

"ஒன்றும் இல்லை. நீ போய்ப் படு" என்கிறார் அவர்.

தையல் போட்ட இடத்தில் சீழ் கசிகிறது. வலி உயிர் போகிறது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. காரணம், ஆபரேஷன் நடந்த இடம் அப்படி!

இது கற்பனை வீடுதான். ஆனால், இப்படி வாயை மூடிக்கொண்டு துன்பப்படும் ஆண்கள் உண்டு. அவர்களும் அவர்களுடைய மனைவிமார்களும் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்கிறோம்.

என்ன ஆபரேஷன்?

சர்க்கரை நோயாலும், ரத்தக் குழாய் அடைப்பாலும் சில ஆண்களுக்கு உறுப்பு விறைக்கும் சக்தி போய்விடுகிறது. முதலில் மாத்திரை கொடுப்பார்கள். பிறகு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். எதுவும் பலிக்காவிட்டால், உறுப்புக்குள் கருவி பொருத்துவது உண்டு.

1936-ம் ஆண்டில் போகோராஸ் என்ற ரஷ்ய டாக்டர், விலா எலும்பின் குருத்தை வைத்து இதற்கு முயன்றார். 1973-ம் ஆண்டில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த டாக்டர் பிராண்ட்லி ஸ்காட்டும் அவருடன் உழைத்தவர்களும் உப்பு நீரால் இயங்கும் கருவியை அறிவித்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? உறுப்புக்குள் இரண்டு குழாய்கள். அடிவயிற்றில் உப்பு நீர்ப் பை. விதைப்பையில் ஒரு சிறிய பம்பு. பம்பை அமுக்கினால் நீர் குழாய்களுக்கு வரும், உறுப்பு விறைக்கும். வேலை முடிந்ததும் நீரைத் திரும்ப அனுப்பிவிடலாம். வளைத்து நிமிர்த்தும் தண்டு வகையும் உண்டு.

எதற்குப் பயப்பட வேண்டாம்?

ஆபரேஷனுக்குப் பின் வீக்கம் இருக்கும். ரத்தம் கட்டி, தோல் கறுத்துத் தெரியும். சில வாரம் வலி இருக்கும். இவை நாளுக்கு நாள் குறைந்தால் கவலை இல்லை.

சுமார் 6 வாரம் தாம்பத்திய உறவு கூடாது. டாக்டர் சொல்லித் தரும் முன்பு பம்பை இயக்கிப் பார்க்கவும் கூடாது.

"முன்னைவிடச் சிறுத்துவிட்டதே!" என்று பலர் வருந்துகிறார்கள். இந்தக் குறையை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

எது ஆபத்து?

குறைந்த வலி மறுபடி கூடுவது, காய்ச்சல், சீழ், சிவந்த வீக்கம், பம்பு இருக்கும் இடத்துத் தோல் ஒட்டிக்கொள்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போக வேண்டும். தோல் மெலிந்து கருவி வெளியே எட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

முதல் தடவை கருவி பொருத்திக்கொள்ளும் 100 பேரில் 1 முதல் 3 பேருக்குக் கிருமி தொற்றுவது உண்டு. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாதவர்களுக்கும், இரண்டாம் தடவை ஆபரேஷன் செய்துகொள்கிறவர்களுக்கும் பயம் அதிகம்.

குளத்துப் படியில் பாசி பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல், கிருமிகள் கருவியின்மேல் படலம் கட்டிக்கொள்ளும். மாத்திரையும் ஊசியும் அந்தப் படலத்தை எளிதில் துளைக்காது. பெரும்பாலும் கருவியை எடுத்தே ஆக வேண்டும்.

நேரத்தோடு போனால் நன்மை உண்டு. பழைய கருவியை எடுத்து, உள்ளே மருந்து நீரால் நன்றாகக் கழுவி, அதே ஆபரேஷனில் புதிய கருவியை வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்க டாக்டர் மல்காஹி 1996-ம் ஆண்டில் இதை வெளியிட்டார். எல்லோருக்கும் இது பொருந்தாது. நாள் கடத்தி, நோய் முற்றியபின் கருவியை எடுத்தால், உள்ளே தழும்பு இறுகி உறுப்பு சுருங்கும். மறுபடி கருவி வைப்பது கடினமாகும்.

பழுதானால்?

சில வருஷம் கழித்துக் குழாயில் ஓட்டை விழலாம். கசிவது உப்பு நீர்தான். உடம்புக்குக் கெடுதல் இல்லை. கருவி வேலை செய்யாது; மாற்ற வேண்டும். பல கருவிகள் 10 வருஷத்துக்கு மேலும் உழைக்கின்றன.

வேறு ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போட நேர்ந்தாலும், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய நேர்ந்தாலும், "எனக்குக் கருவி இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் கருவி சேதமாகலாம்.

மனைவியிடம் மறைக்காதீர்கள்

இரவில் காய்ச்சல் வந்தால் முதலில் அறிகிறவள் மனைவி. ஆபத்தின் அடையாளங்களை அவளும் தெரிந்து வைத்திருந்தால், கணவர் தயங்கினாலும் அவள் தயங்கமாட்டாள்.

நாம் பார்த்த அந்த வீட்டுக்காரரும், "எனக்குச் சீழ் வடிகிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விடியுமுன் டாக்டர் முன்னால் இருந்திருப்பார்.

டாக்டர் தினமும் பார்க்கும் உறுப்புதான் அது. அவரிடம் என்ன வெட்கம்?