பாட்டை எடுத்தாயிற்று, முதலில் யாரிடம் காட்டுவது?

சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகம், பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மூக்குக் கவசம் அணிந்த ஒரு கர்நாடக சங்கீதப் பாடகர். 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ வீடியோவைப் பார்த்தவர்களுக்கு டி.எம். கிருஷ்ணாவின் குரலுக்கு முன்பே இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். பாட்டை எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். புறம்போக்கு என்றால் வரிக் கணக்குக்கு வெளியே ஊருக்குப் பொதுவாக விட்ட நிலம்: ஏரி, மேய்ச்சல் தரை, ஆற்றோரம். அது வசைச் சொல்லாகிப்போன கதையைச் சொல்லும் பாட்டைச் சபா மேடையில் வைத்து எடுத்திருந்தால் வரிக்கு வரி உபதேசமாகத்தான் கேட்டிருக்கும். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்திலேயே பாடகரை உட்காரவைத்ததால், ராகமாலிகைக்கும் சென்னைத் தமிழுக்கும் நடுவே இருக்கிற தூரமே பாட்டின் வாதமாகிவிடுகிறது. இது கேமராவின் விலையால் வருவதில்லை. எந்தச் சொல்லுக்கு எந்த இடம், எந்த முகம் என்று முன்கூட்டியே யோசித்ததால் வருவது.

சென்னைக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளில் பாட்டு வீடியோ எடுப்பதும் அதற்கு டீசர், போஸ்டர் செய்வதும் இன்று வழக்கமான பயிற்சி. கல்லூரிக்கு வெளியேயும் ராயபுரம், திருவொற்றியூர்ப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே ஆல்பம் சாங் எடுக்கிறார்கள். கருவி கைக்கு வந்துவிட்டது, திறமைக்கும் குறைவில்லை. சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. எடுத்து முடித்ததும் நண்பர்களிடம் காட்டி “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “சூப்பர் மச்சான்” என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. கேட்க வேண்டிய கேள்வி, “என்ன பார்த்தீங்க?” என்பது. அதைக் கேட்க வேண்டியதும் நண்பர்களிடம் அல்ல. படத்துக்குள் இருப்பவர்களிடமும், படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களிடமும்.

சோதனை படப்பிடிப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. காசிமேட்டில் கடலைப் பார்த்து கேமராவை வைத்தால் காலை வெயில் நேராக லென்ஸில் விழும். கைப்பேசி வானத்தின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முன்னால் நிற்பவரின் முகத்தைக் கறுப்பாக்கிவிடும். சாயங்காலம் வெளிச்சம் முகத்தில் விழும், ஆனால் விடியற்காலை ஏலத்தின் பரபரப்பு அப்போது இருக்காது. எது வேண்டும் என்பதை முந்தின நாளே பத்து நொடி ஷாட் இரண்டு எடுத்துப் பார்த்து முடிவு செய்துவிடலாம். எண்ணூரில் உச்சி வெயிலில் சாம்பலும் வானமும் ஒரே நிறமாகிவிடும். வெயில் சாய்ந்த பிறகுதான் சாம்பலின் மடிப்பு தெரியும். உதட்டசைவுக்காகக் கைப்பேசியில் பாட்டை ஓடவிட்டால் விசைப்படகு இஞ்சினும் கடல் காற்றும் அதை விழுங்கிவிடும். பாடுகிறவர் தாளம் தவறியது எடிட்டிங்கில்தான் தெரியவரும். இரவில் தெருவிளக்கில் படம் துடித்தால் ஷட்டரை ஐம்பதில் ஒரு நொடிக்கு மாற்ற வேண்டும், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால். துறைமுகத்தையும் மின்நிலையத்தையும் மேலிருந்து காட்ட ட்ரோன் வாடகைக்கு எடுப்பதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். 2021 ட்ரோன் விதிகளின்படி, அதில் சிவப்பு மண்டலமாகக் குறித்த இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

அடுத்தது, வெட்டி ஒட்டிய முதல் வடிவத்தைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டுவது. இது எந்த மாதிரிப் பாட்டு என்று பார்ப்பவர் ஊகிக்க வேண்டும். மீனவர் பிழைப்பைப் பற்றிய பாட்டை “ரவுடிப் படப் பாட்டா?” என்று ஒருவர் கேட்டால் தவறு அவருடையது அல்ல. வடசென்னை என்றாலே கத்தி, சந்து, ஸ்லோமோஷன் நடை என்று சினிமா பழக்கிவைத்த ஷாட்டுகளை, யோசிக்காமலே நாமும் எடுத்திருக்கிறோம் என்று பொருள். அந்தப் பகுதியில் பிறந்த மாணவர்களின் கேமராகூட இந்த வலையில் விழுகிறது என்பதுதான் வருத்தம். பிறகு, படத்துக்குள் இருப்பவர்களிடம் காட்டுவது. வலை பின்னும் கையைக் காட்டியிருக்கிறோம், அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அதைப் பார்த்து என்ன சொல்கிறார்? “எங்க குப்பத்த ஏன் குப்பையா மட்டும் காட்டுற?” என்று கேட்டால், அந்த ஒரு கேள்விக்காக நாலு ஷாட்டை மாற்றலாம்.

இப்படி ஆளாளுக்குக் கேட்டால் கலையின் வேகம் போய்விடாதா, கானா என்பதே அந்த நேரத்தில் பொங்கி வருவதுதானே என்று சிலர் கேட்பார்கள். உண்மையில் கானாவைப் போல ஓயாமல் சோதிக்கப்படும் கலை வேறில்லை. சாவு வீட்டு வாசலில் இரவு முழுக்கப் பாடுகிறவருக்கு எதிரே இருக்கும் முகங்கள்தான் அளவுகோல். ஒரு வரி எடுபடவில்லை என்றால் அடுத்த வரியிலேயே திசை மாற்றுகிறார். வீடியோ எடுப்பவருக்கு அந்த முகங்கள் எதிரே இல்லை, அவர்தான் தேடிப் போக வேண்டும். எல்லோர் சொல்லையும் கேட்டால் பாட்டு சப்பென்று ஆகிவிடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. பார்ப்பவர் சொல்லும் தீர்வை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் எந்த இடத்தில் கண்ணை எடுத்தார் என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். தீர்வு எடுத்தவரின் வேலை.

போஸ்டருக்கும் இதே விதிதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவில் 19 பேர். கானா பாடுகிறவர்கள் ஒரே மாதிரி சூட் அணிந்து நின்றார்கள். அந்த உடை அலங்காரம் மட்டும் அல்ல. கானாவை யார் எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு பாட்டுகூடக் கேட்பதற்குள் புகைப்படமே சொல்லிவிட்டது. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’ கேட்டதும் ஒன்றே ஒன்று: பாதரச வெப்பமானித் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு நியாயம். தொழிலாளர்களின் பல வருடப் போராட்டத்துக்கு அந்தப் பாட்டு உலகின் காதைத் திருப்பியது. 2016 மார்ச்சில் 591 பேருடன் தொழிற்சாலையை நடத்திய நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது. போஸ்டரும் அப்படி ஒன்றையே சொல்ல வேண்டும். மாணவர் போஸ்டரிலோ பத்துப் பேர் பெயர், நாலு முகம், மூன்று எழுத்துரு. அதைக் கைப்பேசியில் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? யூடியூப் தம்ப்நெயிலில் வலது கீழ் மூலையில் பாட்டின் நேரம் வந்து உட்காரும். தலைப்பை அங்கே வைத்தால் கடைசி எழுத்துகள் மறைந்துபோகும்.

நேரமில்லை, மதிப்பெண்ணுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பதுதான் கடைசியாக வரும் பதில். இந்தச் சோதனைகள் எதற்கும் ஒரு வாரம் ஆகாது. முந்தின நாள் ஒரு மணி நேரம் லொகேஷனில், எடிட் முடிந்ததும் ஒரு சாயங்காலம் குப்பத்தில், பிறகு யாருக்கும் தெரியாதபடி ஒருமுறை யூடியூபில் ஏற்றிப் பாட்டின் உரிமைச் சிக்கல் எழுகிறதா என்று ஒரு பார்வை. அதோடு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோவில், விரிசல் விட்ட திரையில், மதிய வெயிலில் அதே பாட்டை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பார்க்கப்போகிறவர்களில் பலர் அப்படித்தான் பார்ப்பார்கள்.