கணினி விழிக்கும் வேளையிலே

நாடகம் பார்க்கச் சென்றோர் யாவரும் அறிவர்: ஆட்டம் தொடங்குமுன் அரங்கை ஒரு திரை மறைத்து நிற்கும். அதன் பின்னே மேசைகள் இழுபடும். விளக்குகள் இடம் மாறும். வேடந்தரித்தோர் அங்குமிங்கும் ஓடுவர். முன்னே அமர்ந்திருப்போர் கண்ணுக்கோ சித்திரம் தீட்டிய திரை ஒன்றே தென்படும். நம் வீட்டு மேசைமீதுள்ள கணினியிலும் இத்தகைய திரை ஒன்று உண்டு. மின்விசையை அழுத்தியதும் ஒரு சின்னமும், அதன் கீழே சுழலும் வளையமோ வளரும் கோடோ தோன்றுகின்றனவல்லவா? அத்தொடக்கத் திரையை லினக்ஸ் பணிசெயல் முறைமையில் எங்ஙனம் ஆக்கி, பொதியாகக் கட்டி, ஊரார்க்கு வழங்குகின்றனர் என்பதை இங்கே ஆராய்வோம். சிறிய பொருள்தானே என்று எண்ணற்க. இச்சிறு பொருளிற் பிழை நேர்ந்தால் கணினியின் வாயிலே அடைபட்டுவிடும்.

எழுத்து மழை

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருனியைத் தொடங்கினார். கருனி தனித்து நின்று பயன்படாது. அதனோடு ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று முரணாதவாறு ஒழுங்குசெய்து தருவதையே வழங்கல் என்பர். 1993இல் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன், 2004இல் வெளிவந்த உபுண்டு, ரெட் ஹட் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற பெடோரா ஆகியன இவற்றுட் சில.

கருனி விழித்தெழும்போது தான் காணும் ஒவ்வோர் உறுப்பையும் பெயர் சொல்லி அழைக்கும். நினைவகம் இவ்வளவு, வன்றட்டு இது, விசைப்பலகை இது என்று நூற்றுக்கணக்கான வரிகள் கருந்திரையில் மழையாய்ப் பொழியும. அறிந்தோர்க்கு அது நோயறியும் நாடித்துடிப்பு. அறியாதார்க்கோ வெறும் அச்சம். கணினி பழுதாயிற்றோ என்று பதறுவோரும் உளர். இவ்வச்சத்தை நீக்கவே திரை வேண்டியதாயிற்று.

திரை வந்த கதை

முற்காலத்தில் இதற்குப் பல வழிகளைக் கையாண்டனர். சூசே வழங்கலார் கருனியையே சற்றுத் திருத்திப் படங்காட்டினர். ரெட் ஹட் வழங்கலாரோ, படங்காட்டுவதற்கென எக்ஸ் என்னும் பெரிய வரைகலைச் சேவகனைத் தொடக்கத்திலேயே எழுப்பினர். விருந்தினர்க்குத் தண்ணீர் கொடுப்பதற்காக அடுக்களை முழுவதையும் முற்றத்துக்குக் கொண்டுவந்தது போன்ற வேலை அது. அன்றியும், ஒரு காட்சியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுந்தோறும் திரை இருண்டு மினுங்கிற்று.

இக்குறையை நீக்க எழுந்ததே பிளிமத் என்னும் மென்பொருள். 2008 நவம்பரில் வெளியான பெடோரா 10 இதனை முதன்முதலாக ஏற்றுக்கொண்டது. திரையின் அளவையும் நிறத்தையும் கருனியே தொடக்கத்தில் அமைத்துவிடும் புதுமுறையை இது பயன்படுத்தியது. அம்முறை 2009இல் வெளிவந்த 2.6.29ஆம் கருனிப் பதிப்பில் இடம்பெற்று, பின்னர் பரவலாயிற்று. உபுண்டு 2010 ஏப்பிரலில் தன் 10.04ஆம் பதிப்பில் பிளிமத்தை ஏற்றது. 2019இல் வந்த பெடோரா 30, கணினியைச் செய்தோரின் சின்னத்தை அழியாது திரையில் நிறுத்தி, அதன் கீழேயே வளையத்தைச் சுழலச் செய்து, மினுக்கத்தையும் பெரிதும் ஒழித்தது.

வளரும் கோட்டைப் பற்றியும் ஒரு விந்தை உண்டு. தொடங்குவதற்கு எவ்வளவு நேரமாகும் என்பதைப் பிளிமத் எவ்வாறு அறியும்? சென்றமுறை ஒவ்வொரு படிக்கும் சென்ற காலத்தை அது ஒரு கோப்பிற் குறித்து வைத்திருக்கின்றது. அந்நினைவைக் கொண்டே இம்முறை மதிப்பிடுகின்றது.

கட்டுச்சோறு

இனி, பொதி கட்டுவோர் கருத்தில் இருத்தவேண்டிய நுட்பத்தைக் காண்போம். கருனி விழிக்கும் நேரத்தில் வன்றட்டு இன்னும் திறக்கப்படவில்லை. அதைத் திறப்பதற்கு வேண்டிய கருவிகளை எங்கிருந்து எடுப்பது? தூரப்பயணம் போவோர் கட்டுச்சோறு கொண்டுசெல்வதுபோல, கருனியும் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு மூட்டையைத் தன்னுடன் நினைவகத்துக்குக் கொண்டுவருகின்றது. வன்றட்டுத் திறக்கும்வரை அம்மூட்டையே அதன் உலகம்.

தொடக்கத் திரையும் அப்போதே தோன்றவேண்டியிருத்தலின், பிளிமத்தும் அதன் படங்களும் அம்மூட்டைக்குள் இருத்தல் வேண்டும். புதியவர்கள் பலர் இங்கேதான் இடறுகின்றனர். அழகிய புதுப் படங்களை வன்றட்டிலுள்ள கோப்புறையில் வைத்துவிட்டுக் கணினியை மீளத் தொடங்குவர். பழைய படமே தோன்றும். மூட்டை கட்டியபின் வீட்டிலே புதுக்கறி சமைத்தால் பயணத்தில் அதை உண்ண முடியுமா? மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் இதற்கெனத் தனிக்கட்டளை உண்டு.

மூட்டை அளவிறந்து பருத்தலும் ஆகாது. அதனை வைக்கும் பகுதி பல கணினிகளிற் சிறிது. அது நிறைந்துவிட்டால் புதுக்கருனி வந்து அமர இடமிராது. தமிழில் ஒரு வரி காட்ட விரும்புவோர் இதனை நன்கு எண்ணவேண்டும். ‘கொ’ என்னும் எழுத்தின் ஒற்றைக்கொம்பு ஒலிப்பில் பின்வந்தாலும் எழுத்தில் முன் நிற்பது. இத்தகைய எழுத்துகளை ஒழுங்குசெய்யும் பாங்கோ என்னும் கருவியும் தமிழ் எழுத்துருவும் மூட்டைக்குள் இருந்தாலன்றித் தமிழ் அங்கே செம்மையாகத் தோன்றாது.

பொதி கட்டும் முறை

ஒரு திரைக்கோலத்துக்கு வேண்டுவன மூன்று: பி.என்.ஜி. வகைப் படங்கள், அவற்றை அசைக்கும் நிரல், கோலத்தின் பெயரையும் இயக்கும் செருகியையும் கூறும் சிறு விவரக்கோப்பு. இவற்றைக் கையாற் பிரதி செய்தால் ஒரு கணினிக்குப் போதும். பல்லாயிரவர்க்கு வழங்குவதாயின் பொதியாக்கவேண்டும்.

டெபியன் முறைப்படி பொதியுடன் சில பத்திரங்கள் செல்லும். கொன்ட்ரோல் என்னும் கோப்பு, பொதியின் பெயரையும் அது எவற்றைச் சார்ந்தது என்பதையும் உரைக்கும். ரூல்ஸ் என்பது கட்டும் விதிகளைத் தரும். சேஞ்ச்லொக் மாற்றங்களின் நாட்குறிப்பு. கொப்பிரைட் என்பது ஒவ்வொரு படமும் எவருடையது, எவ்வுரிமையின்கீழ் வழங்கப்படுகின்றது என்பதைச் சொல்லும். எங்கிருந்தோ எடுத்த அழகிய படத்தை உரிமையறியாது சேர்த்தால் பொதி வாயிலிலேயே திருப்பப்படும்.

பொதி வந்து இறங்கியதும் கோலத்தைப் பதிந்து, மூட்டையை மீளக் கட்டுவிக்கும் குறிப்பும் அதனுள் இருக்கவேண்டும். நீக்கும்போது பதிவை அழித்து, பழைய கோலத்தை மீட்டுவைத்தலும் அதன் கடமையே. வரும்போது வணங்கி வந்தவன் போகும்போதும் கதவைச் சாத்திவிட்டுப் போகவேண்டுமன்றோ?

டெபியனின் கோலங்கள் பெரும்பாலும் இத்தகைய ஒரே பொதியில் வருகின்றன. 2015இல் வெளியான 8ஆம் பதிப்பு, 2017இன் 9ஆம் பதிப்பு, 2021இன் 11ஆம் பதிப்பு, 2023இன் 12ஆம் பதிப்பு ஆகியவற்றின் கோலங்களைத் தீட்டியவர் ஜூலியெட் தக்கா என்னும் ஓவியர்.

கடவுச்சொல் கேட்கும் வேளை

இதுவரை கூறியவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. வன்றட்டைக் குறியாக்கிப் பூட்டி வைத்திருப்போர் பலர். அவர்தம் கணினி விழிக்கும்போது கடவுச்சொல்லைக் கேட்பதும் இத்தொடக்கத் திரையே. தாமே நிரல் எழுதிக் கோலம் அமைப்போர், படங்களை ஆட்டுவிப்பதில் மனம் செலுத்திக் கடவுச்சொல் கேட்கும் பகுதியை எழுத மறந்துவிட்டால் என்னாகும்? கணினி விடைக்காகக் காத்திருக்கும். மனிதரோ கணினிக்காகக் காத்திருப்பர். இடையே அழகிய படம் ஆடிக்கொண்டேயிருக்கும். கேள்வியை மறைத்த அழகினால் யாருக்கு என்ன பயன்?

உபுண்டு 10.04இல் வேறொரு பாடம் கிடைத்தது. வன்றட்டுப் பகுதிகளை இணைக்கும் மௌன்ட்ஓல் என்னும் இன்றியமையாப் பொதி பிளிமத்தைச் சார்ந்ததாய் அமைந்தது. அதனால், திரையே இல்லாத சேவகக் கணினிகளிலிருந்தும் பிளிமத்தை நீக்க இயலாது போயிற்று. பலர் முறையிட்டனர். பின்வந்த பதிப்புகளில் அப்பிணைப்பு அகன்றது. அலங்காரத்தை அடித்தளத்தோடு பிணைத்தால் வரும் இடர் இதுவே.

மாணாக்கர்க்கு ஒரு சொல்

தொடக்கத் திரை உண்மையை மறைக்கின்றது என்று குறைகூறுவார் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு; ஆயினும் பிளிமத்தை ஆக்கியோர் அதற்கு வழி வைத்துள்ளனர். படம் தோன்றும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால், திரை விலகிப் பின்னே நிகழ்வன யாவும் வரிவரியாய்த் தோன்றும். லினக்ஸ் பயில்வோர் ஒருமுறையேனும் அதனை அழுத்திப் பார்த்தல் நன்று. கோலம் அமைக்க விழைவோர் முதலில் மெய்நிகர்க் கணினியில் முயல்க. கடவுச்சொல் பூட்டுடனும் பூட்டின்றியும் சோதிக்க. அதன்பின்னரே பிறர்க்கு வழங்குக.

பிறர் வீட்டு வாயிலுக்குக் கோலமிடுவோர் கதவு திறக்கின்றதா என்பதையும் பார்த்துவிட்டே வரவேண்டும். திரை அழகாயிருத்தல் நன்று. வேண்டியபோது விலகி வழிவிடுதல் அதனினும் நன்று.