நிகழ்தகவும் அனுமானமும்

அறிவைப் பெறுதற்குரிய வாயில்களை அளவைகள் என வகுத்துரைத்தனர் நம் முன்னோர். அவற்றுட் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் தலையாயவை. மலையிற் புகை கண்டவிடத்து அங்கே நெருப்புண்டு எனத் துணிவது கருதலளவை. இதனை வடநூலார் அனுமானம் என்பர். புகையுள்ளவிடத்து நெருப்புண்டு என்பது விலக்கில்லா நியதியாதலின் அத்துணிபிலே பிழைக்கு இடமில்லை. ஆனால், உலகியலில் நாம் எதிர்ப்படும் செய்திகளுட் பல இத்தகைய நியதிக்கு உட்பட்டவையல்ல. மேகம் கருத்தபோது மழை பெய்யலாம், பெய்யாமலும் போகலாம். ஒரு மருந்து பலரைக் குணப்படுத்தலாம். சிலருக்குப் பயன்படாது போகலாம். இவ்வாறு ஐயத்தோடு கலந்து நிற்கும் செய்திகளிலிருந்து எதனைத் துணியலாம், அத்துணிபு பிழைபடுதற்கு எவ்வளவு இடமுண்டு என்பவற்றை எண்ணாற் கூற முயல்வதே புள்ளிவிபர அனுமானம். அதற்கு அடிப்படையாயுள்ளது நிகழ்தகவு.

சூதும் எண்ணும் தொடர்புடையன என்பதைப் பண்டையோரும் உணர்ந்திருந்தனர். மகாபாரதத்து நளன் கதையிலே, இருதுபன்னன் தான்றிமரத்தின் இரு கிளைகளிலுள்ள இலைகளையும் காய்களையும் தனித்தனி எண்ணாமலே தொகை கூறுகின்றான்; நளன் எண்ணிப் பார்த்து அது சரியெனக் காண்கின்றான். அத்திறன் படைத்த இருதுபன்னனே சூதாட்டத்தின் மறையையும் நளனுக்கு உபதேசிக்கின்றான்.

நிகழ்தகவு ஒரு கணிதத்துறையாக உருப்பெற்றதும் சூதாட்டத்தை ஒட்டியேயாகும். 1654ஆம் ஆண்டிலே பிரான்சிய அறிஞர்களான பஸ்காலும் பேர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அதற்குத் தோற்றுவாயாயின. அக்காலத்தவரை மயக்கிய வினா ஒன்றைக் காண்போம். ஒரு தாயக்கட்டையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாயினும் ஆறு விழுதற்குரிய நிகழ்தகவு யாது? ஒருமுறை உருட்டும்போது ஆறு விழாதிருத்தற்கு ஆறில் ஐந்து பங்கு இடமுண்டு. நான்கு முறையும் விழாதிருத்தற்கு அவ்விகிதத்தை நான்கு தடவை தன்னாற் பெருக்க 625/1296 வரும். எஞ்சிய 671/1296 நாம் தேடும் நிகழ்தகவாகும். இது பாதியிலும் சற்றுக் கூடியது. இரு கட்டைகளை 24 முறை உருட்டி இரண்டிலும் ஒருங்கே ஆறு விழவேண்டுமெனிற் பயன் மாறுபடும். 6க்கு 4 எவ்வாறோ 36க்கு 24 அவ்வாறே என விகிதசமத்தை மட்டும் நம்பியவர் இரண்டும் ஒன்றே என்பர். கணித்துப் பார்ப்பின், இதன் நிகழ்தகவு ஏறக்குறைய 0.49 ஆகிப் பாதியிலும் சற்றுக் குறைகின்றது.

இவையெல்லாம் கட்டையின் இயல்பை முன்னரே அறிந்து பயனைக் கணிப்பவை. வாழ்க்கையிலோ பயனே நமக்குத் தெரிகின்றது. இயல்பு மறைந்து நிற்கின்றது. யாக்கோபு பேணூலி 1705இல் இறந்தபின் 1713இல் வெளிவந்த அவரது நூல் இவ்விடைவெளிக்குப் பாலம் அமைத்தது. பரிசோதனைகளின் தொகை பெருகப் பெருக, கண்ட விகிதம் உண்மையான நிகழ்தகவினின்றும் குறிப்பிடத்தக்க அளவு விலகி நிற்றல் மேன்மேலும் அருகும் என அவர் நிறுவினார்.

ஆயின், பரிசோதனைகள் சிலவேயாயின் யாது செய்வது? இதற்கு விளக்கமாவது றொனால்ட் பிஷர் தமது 1935ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டிய தேநீர்ப் பரிசோதனை. 1920களில் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்திலே, மூரியல் பிறிஸ்ரல் என்னும் பெண் அறிஞர், கோப்பையிற் பாலை முதலில் ஊற்றினரா, தேநீரை முதலில் ஊற்றினரா என்பதைச் சுவையாலே தாம் அறியவல்லவர் என்றார். நூலிற் கண்ட முறை இது: எட்டுக் கோப்பைகளில் நான்கு ஒருவகை, நான்கு மற்றவகை. அவை எழுமாற்றாக ஒழுங்கு செய்யப்பட்டு அளிக்கப்படும். பால் முதலில் ஊற்றிய நான்கினையும் அவர் பிரித்துக் கூறவேண்டும்.

முதலில், அவருக்கு அத்திறன் சிறிதுமில்லை எனக் கொள்வோம். இதுவே சூனியக் கருதுகோள். எட்டிலிருந்து நான்கைத் தெரிதற்கு 70 வழிகள் உள. அவற்றுள் ஒன்றே முற்றும் சரியானது. ஆகவே வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகக் கூறுதற்கு எழுபதில் ஒரு பங்கே இடமுண்டு. அவர் அவ்வாறு கூறின் திறனில்லை என்ற கருதுகோளைக் கைவிடுதல் நியாயமாகும். மூன்றைச் சரியாகவும் ஒன்றைப் பிழையாகவும் தெரிதற்கு 16 வழிகள் உள. ஆகவே மூன்றோ அதற்கு மேலோ ஊகத்தாற் சரியாதற்கு 17/70, அஃதாவது நூற்றுக்கு 24 அளவில் இடமுண்டு. அதனைத் திறனுக்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது. இங்கே ஒன்றை மறத்தலாகாது. எழுபதில் ஒன்று என்பது அவர் திறனற்றவர் என்பதன் நிகழ்தகவன்று. திறனற்றவராயின் இப்பயன் தோன்றுதற்குரிய நிகழ்தகவே அது. கற்றோரும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதுண்டு.

ஆசிரியர்க்கு இது நெருங்கிய பயனுடையது. சரி, பிழை எனக் குறிக்கும் பத்து வினாக்களைக் கொடுத்தோமாக. ஒன்றும் படியாத மாணவன் நாணயத்தைச் சுண்டி விடையிறுப்பினும், எட்டோ அதற்கு மேலோ பெறுதற்கு 1024இல் 56 பங்கு, அஃதாவது நூற்றுக்கு ஐந்தரையளவில் இடமுண்டு. நாற்பதுபேர் அவ்வாறு விடையெழுதின் சராசரியாக இருவர் எட்டுக்குக் குறையாத புள்ளி பெறுவர். அவரைக் கெட்டிக்காரர் எனப் போற்றுதலும், அடுத்த சோதனையில் ஐந்து பெற்றவிடத்துச் சோம்பேறிகள் எனக் கடிதலும் முறையோ? ஒரு சிறுவனின் மேற்படிப்பை ஒரு சிறு சோதனையைக்கொண்டு முடிவுசெய்யும்போது, புள்ளியில் எப்பகுதி அறிவு, எப்பகுதி தற்செயல் என்று ஆராயாதுவிடின் நாம் அநீதி இழைத்தவராவோம். வினாக்களைப் பெருக்குதலும் வேறொரு நாளில் மீண்டும் சோதித்தலும் அதற்குப் பரிகாரமாகும்.

ஆனால் தொகை மட்டும் பெருகினாற் போதாது. 1936இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தலின்போது ‘லிற்றறறி டைஜஸ்ற்’ என்னும் சஞ்சிகை ஒரு கோடியளவான வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டவை திரும்பிவந்தன. அவற்றைக்கொண்டு லண்டன் என்பவரே வெல்வார் என அது கூறிற்று. றூஸ்வெல்ற் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட வாக்குகளோடு 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். பெயர்கள் பெரும்பாலும் தொலைபேசி உடையோர், மோட்டார் வண்டி உடையோர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டன. சீட்டைத் திருப்பியனுப்பியவரும் எல்லோரையும் ஒத்தவரல்லர். இதனிலும் மிகச் சிறிய மாதிரியைக்கொண்டு கலப் என்பவர் றூஸ்வெல்ற்றின் வெற்றியை முன்னரே கூறினார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானை முழுவதும் ஒருசேர வெந்தபோதே அது பொருந்தும். அடிப்பாகம் குழைந்து மேற்பாகம் வேகாதிருப்பின், மேலிருந்து நூறு சோற்றை எடுத்து நசுக்கினும் பதம் தெரியாது. எல்லாப் பகுதிக்கும் இடமளித்து எழுமாற்றாக எடுத்தலே மாதிரியின் உயிர்நிலை.

ஆகவே, நூற்றுக்கு இத்தனை என்று யாரேனும் கூறக்கேட்டால், மாணவர்கள் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுதல் வேண்டும். எத்தனை பேரைக்கொண்டு கூறப்பட்டது? அவர்கள் எவ்வாறு தெரியப்பட்டனர்? வெறுந் தற்செயலாலே இப்பயன் எவ்வளவுக்கு நேரக்கூடும்? விடை கிடைத்தபின்னும் ஐயம் முற்றாக நீங்காது; எனினும் எஞ்சிய ஐயத்தின் அளவு நமக்குத் தெரிந்திருக்கும். அத்தெளிவோடு செய்யும் முடிவைப் புதிய சான்று வந்தபோது திருத்திக்கொள்ளுதலும் எளிதாகும்.